வித்துட்டானுங்கடா தம்பி!

கல்லூரி விடுதியில் எனக்கு மெட்டாலிகா என்ற மெட்டல் இசைக்குழுவைக் காதில் ஊற்றிய சீனியரை எல்லாரும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு நாள் வாக்மேனைக் கழற்றி வைத்துவிட்டு, எழவு வீட்டுக் குரலில், "வித்துட்டானுங்கடா தம்பி" என்றார். பூர்வீக நிலத்தைப் பங்காளிகள் விற்றுவிட்டார்கள் போல என்று நினைத்து, "பத்திரம் யார் பேர்லண்ணே இருந்துச்சு?" என்று கேட்டேன்.

விற்றவர்கள் மெட்டாலிகா. 1988-இல் ஒரே பாட்டை ஒன்பதே முக்கால் நிமிடம் இடித்தவர்கள், 1991-இல் கறுப்பு அட்டை போட்டு வந்த ஆல்பத்தில் பாட்டுகளைச் சுருக்கிவிட்டார்கள். போதாததற்கு 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' என்று வயலின் கூட்டத்தோடு மெதுவாக ஒரு பாட்டு. அது பக்கத்து அறை பி.காம். பையனுக்கும் பிடித்துவிட்டது. அண்ணனால் தாங்க முடியாமல் போனது அதுதான். நாலு பேருக்கு மட்டும் தெரிந்த கோயில் வாசலில் டூரிஸ்ட் பஸ் வந்து நின்றால் பழைய பூசாரிக்கு எப்படி இருக்கும்?

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆல்பத்தை நாங்கள் வாங்கவில்லை. ரெக்கார்டிங் சென்டரில் 60 நிமிட கேசட்டில் பதிந்து வந்தது. ஆல்பமோ 62 நிமிடம். கடைசிப் பாட்டு எப்படி முடிகிறது என்று எனக்குப் பல வருடம் தெரியாது. அவர்களுக்கு ஒரு பைசா கொடுக்காத நாங்கள்தான், அவர்கள் விலைபோய்விட்டதாக மெஸ்ஸில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதினோம்.

1996-இல் முடியை வெட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். பழநிக்குப் போய் இறக்கினால் பக்தி, கலிபோர்னியாவில் இறக்கினால் துரோகம். வேலைக்குப் போய்விட்டிருந்த அண்ணன், எஸ்.டி.டி. போட்டுப் புலம்பினார்.

2000-இல் இன்னும் மோசம். தங்கள் பாட்டை இணையத்தில் ஓசியில் பரிமாறிக்கொண்ட 3,35,435 பேரின் பட்டியலை, டிரம்மர் லார்ஸ் உல்ரிச் பெட்டி பெட்டியாக, அந்தப் பரிமாற்றத்துக்கு வழி செய்த நாப்ஸ்டர் நிறுவனத்தின் அலுவலகத்தில் கொண்டுபோய் இறக்கினார். "காசுக்கு அலையறானுங்க" என்றார் அண்ணன். பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. கேசட்டுக்கு ஏது லாகின்?

இவர்களாவது பரவாயில்லை. 1977-இல் இங்கிலாந்து ராணியையே பாட்டில் வாரிய செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடகர் ஜான் லைடன், 2008-இல் ட்வீட் கோட்டு மாட்டிக்கொண்டு டிவியில் வெண்ணெய் விற்றார். அந்தக் காசில்தான் தன் இன்னொரு பழைய பேண்டை மறுபடி கூட்டினேன் என்றார். என்னைக் கேட்டால் அந்த வெண்ணெய்க்கு மன்னிப்பு உண்டு. பாடுகிறவனுக்கு யாராவது காசு கொடுத்தாக வேண்டும். நானும் அண்ணனும் கொடுக்கப்போவதில்லை.

கொடுக்கும் நாளும் வந்தது. 2011 அக்டோபர் 30, பெங்களூரு அரண்மனை மைதானம். இருபது வருடத்தில் மெட்டாலிகாவுக்கு நான் கொடுத்த முதல் காசு அந்த டிக்கெட். அந்த மெதுவான பாட்டு வந்தபோது, பக்கத்தில் கறுப்பு டி-ஷர்ட் போட்ட ஒரு வழுக்கைத் தலை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. அண்ணன்!

"வித்துட்டானுங்கன்னீங்களேண்ணே?"

"சும்மா இருடா, பாட்டைக் கேளு."

டி-ஷர்ட் எங்கே வாங்கியது என்று அப்புறம் விசாரித்தேன். ஒரிஜினல் ரொம்ப விலையாம். கேட்டுக்கு வெளியே பிளாட்பாரத்தில் 150 ரூபாய்க்கு டூப்ளிகேட் எடுத்திருந்தார்.