இருகுட்டி இயல்: மூலமும் உரையும்

பாயிரம்

நாய்க்குட்டி வளர்ப்பு பற்றி உலகில் நூல்கள் ஏராளம். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு குட்டிகளைக் காப்பகத்திலிருந்து ஒரே நாளில் தூக்கிவந்து, புனேயில் மூன்றாம் மாடி வீடொன்றில் வளர்ப்பதற்கு மட்டும் தமிழில் இலக்கணம் இல்லை. தொல்காப்பியர் மரபியலில் நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் குருளை என்று ஒரே பெயரைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். இந்த நான்கையும் அவர் ஏன் ஒரே வரிசையில் நிறுத்தினார் என்பது குட்டிகள் வந்த முதல் வாரத்திலேயே விளங்கிவிடும். தின்பதில் பன்றி, கடிப்பதில் புலி, பிடிக்கப் போனால் முயல். மீதி நேரத்தில் நாய்.

அக்குறையை நீக்க எழுந்தது இவ்வியல். சூத்திரத்தையும் யாமே செய்து உரையையும் யாமே எழுதினோம். மூலநூலாசிரியர் மறுத்துப் பேசமாட்டார் என்பது இதில் உள்ள வசதி.

இடமும் பொருத்தமானதே. புனே லா காலேஜ் சாலையில் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1917-ல் தொடங்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சுவடிகளை ஒப்பிட்டு மகாபாரதத்தின் செம்பதிப்பை 1966-ல் முடித்துக் கொடுத்தவர்கள் இவர்கள்தாம். அந்த மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில், கதை சூடுபிடிக்கும் முன்பே, ஜனமேஜயனின் வேள்விச் சாலைக்குள் ஒரு நாய்க்குட்டி நுழைகிறது. அரசனின் தம்பிமார் அதை அடித்துத் துரத்துகிறார்கள். குட்டி தன் தாய் சரமையிடம் ஓடி, நான் எதையும் நக்கவில்லை, ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை என்று முறையிடுகிறது. சரமை நேரே அவைக்குப் போய், குற்றமற்ற என் பிள்ளையை ஏன் அடித்தீர்கள் என்று கேட்கிறாள். பதில் இல்லை. சபித்துவிடுகிறாள். பிராணி வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல்தான் வந்தது. முதல் புகார் அதற்கு வெகு காலம் முன்பே பதிவாகிவிட்டது. பாரதத்தின் மறுமுனையில், நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று தருமன் அடம்பிடிக்கிறான். ஆக, நாய்க்குட்டியில் தொடங்கி ஏறக்குறைய நாயில் முடியும் நூல் அது. நடுவில் ஒரு போர் வருகிறது.

இந்தச் சரமைக்கு ரிக்வேதத்தில் இரண்டு பிள்ளைகள். யமனின் பாதையைக் காக்கும் நான்கு கண் நாய்கள். உடன்பிறந்த இரு நாய்கள் என்னும் எமது ஆய்வுப்பொருளுக்கு இதைவிடப் பழைய சான்று எமக்கு அகப்படவில்லை. பிற்கால வைதிக நூல்கள் அவற்றைச் சியாமன் (கரியவன்), சபலன் (புள்ளியன்) என்று அழைக்கின்றன. எம் குட்டிகளுள் கரியது பெண், செம்புள்ளி போட்டது ஆண். ஆகவே சியாமா, சபலன் என்று பெயரிட்டோம். மாமியார் ஏற்கவில்லை. "மாப்பிள்ளை, விளக்கு வைக்கிற நேரத்துல வாசல்ல நின்னு சபலா, சபலான்னு கத்தினா என்ன நினைப்பாங்க? எதிர் வீட்டுல தமிழ்க்காரங்க வேற இருக்காங்க." அன்று முதல் அவை கருப்பி, மணி. நான்காம் மாடி மராட்டிய ஆஜி (பாட்டி) இரண்டையும் பாளா (குழந்தாய்) என்றே அழைக்கிறார். அவை திரும்பிப் பார்ப்பது அந்த ஒரு பெயருக்குத்தான். ஆஜியின் முந்தானையில் பார்லே-ஜி இருக்கிறது.

முதற் சூத்திரம்

ஒருவயிற்று உதித்த இருகுட்டி கொள்வோர்
ஒருகுட்டி கொள்வோர் உழைப்பின் இருமடங்கு
அன்றே, அதனினும் பெரிதென மொழிப.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், கூட்டல் கணக்கு இவ்விடத்துச் செல்லாது என்பது உணர்த்துதல் நுதலிற்று.

‘ஒருவயிற்று’ என்றார், தந்தையைச் சொல்லாதது என்னையெனின், தெருநாயின் ஓர் ஈற்றில் குட்டிக்கொரு தந்தை இருத்தலும் கூடும் ஆதலின். இது அவதூறு இல்லை, விலங்கியல். பெட்டை பருவத்தில் இருக்கும் சில நாள்களுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேர்ந்தால், ஒரே ஈற்றில் வெவ்வேறு தந்தையரின் குட்டிகள் பிறக்கும். கருப்பி நெடுங்கால், மணி குட்டைக்கால் ஆனமைக்கு இதுவே விளக்கம் ஆகலாம்.

ஈண்டுக் காப்பகத்துத் தன்னார்வலர் ஒரு பூர்வபட்சம் கூறுவர்: "ரெண்டா எடுத்துக்கோங்க, ஒண்ணுக்கு ஒண்ணு துணை. உங்களுக்கு வேலையே இருக்காது." இவ்வாறு சொல்லும் முன் அவர்கள் எம்மை ஆராய்ந்தார்கள். ஆதார் நகல், வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம், வீட்டில் உள்ள அனைவரின் ஒப்புதல், கருத்தடை செய்வோம் என்ற உறுதிமொழி. பிறகு ஒருநாள் வீட்டுக்கே வந்து பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள்கூட எம்மை இவ்வளவு துருவவில்லை. துருவுவது நியாயம் என்பதே எமது துணிபு. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருவில் பிறந்த 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் முடிவை வெளியிட்டது. ஏழு மாதம் வரை பிழைத்தவை 19 சதவீதம். செத்தவற்றில் 63 சதவீதத்துக்கு ஏதோ ஒரு வகையில் மனிதர் காரணம். ஒரே ஈற்றில் இரண்டு குட்டிகள் காப்பகம் வரை வந்து சேர்ந்ததே பெரிய காரியம்.

இனி மறுப்பு. இரண்டு மாதக் குட்டி நாளில் பதினெட்டு மணி நேரம் தூங்கும். விழித்திருப்பது ஆறு. இரண்டும் சேர்ந்து விழித்தால் வீட்டாருக்கு ஆறு மணி நேர வேலைதான். ஆனால் கருப்பி எழுந்தால் மணி படுக்கும். மணி எழுந்தால் கருப்பி படுக்கும். ஆறு பன்னிரண்டாகிறது. இரவிலும் இதே கணக்கு. வயதை மாதத்தில் எண்ணி ஒன்றைக் கூட்டினால் வருவது குட்டி சிறுநீரை அடக்கக்கூடிய மணி நேரம் என்பது நாய் வளர்ப்போரிடையே வழங்கும் வாய்பாடு. இரண்டு மாதத்துக்கு மூன்று மணி. பன்னிரண்டுக்குக் கருப்பி, ஒன்றரைக்கு மணி, மூன்றுக்கு மறுபடி கருப்பி. லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்கு இவ்வியல் பொருந்தாது என்க.

இரண்டாம் சூத்திரம்

கூடத்து ஈரம் குட்டிமேற்று ஆயினும்
எக்குட்டி என்பது துணிதல் அரிதே.

மலையில் புகை கண்டு நெருப்பு உண்டென்று துணிவது அனுமானம். மணிமேகலைக்கு அறவண அடிகள் அளவை நூல் கற்பிக்கும் பகுதியில் ஏதுப்போலிகளின் (பிழையான காரணங்களின்) பட்டியலே உண்டு. ஈரம் கண்டு குட்டி உண்டென்று துணியலாம். அதற்கு மேல் போனால் ஏதுப்போலி. ஒன்று அருகில் நின்று வாலாட்டும், மற்றது கட்டிலுக்கடியில் இருக்கும். வாலாட்டுவது குற்றமின்மையின் அறிகுறி இல்லை. ஒளிந்திருப்பது குற்றத்தின் அறிகுறியும் இல்லை. செய்தவன் யாராக இருந்தாலும் இவர்கள் கத்தப் போகிறார்கள் என்ற முன்னனுபவமே அதற்குக் காரணம். ஆகையால் இருவருக்கும் ஐயத்தின் பலனை அளித்து, துடைப்பதே நீதி.

எதனால் துடைப்பது? பினாயில் ஆகாது. மனித மூக்குக்கு மணம் மாறும், நாயின் மூக்குக்கு மாறாது. பினாயிலில் உள்ள பொருள்கள் குட்டியின் உடம்புக்கும் கெடுதி. சிறுநீரின் சேர்மங்களைச் சிதைக்கும் நொதி கலந்த திரவம் கடைகளில் கிடைக்கிறது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிச் செல்வதே நிரந்தர வைத்தியம்.

‘ஈரம்’ என்றது உபலட்சணம். கொல்ஹாபுரிச் செருப்பும் கொள்க. அது எருமைத்தோலைக் கடுக்காய், கருவேலம்பட்டை போன்றவற்றால் பதப்படுத்திச் செய்வது. மேற்சொன்ன கொல்கத்தாக் குழு இன்னொன்றும் கண்டது: இறைச்சி வாசனை அடித்தால் முதலில் வாய் வை என்பதுதான் தெருநாயின் பாலபாடம். இவை இரண்டும் அதைத் தாயிடமே கற்றுத் தேர்ந்தவை. கருப்பி கட்டைவிரல் வளையத்தை முன்பற்களால் கவ்வி, பின்கால்களை ஊன்றி இழுக்கும். மணி குதிகால் முனையில் படுத்துக்கொண்டே மெல்லும். இழுப்பவள் களைத்து நிமிரும்போது வளையம் தனி, செருப்பு தனி. பால்பல் 28-ம் கொட்டி 42 பல் முளைக்கும் வரை, அதாவது ஏழாம் மாதம் வரை, காலணிகள் பரண்மேல் இருக்க.

மூன்றாம் சூத்திரம்

பிரித்தூண் ஊட்டுக; பிரித்துநடை பழக்குக;
பிரித்துத் துயிற்றுக, விளையாட்டு
ஒன்றே கூட்டுக என்மனார் புலவர்.

இவ்வியலின் உயிர்நிலை இது. மேலைநாட்டு நாய்ப் பயிற்சியாளர்கள் ஒன்றாக வளரும் உடன்பிறப்புகளுக்கு ஒரு நோய்க்குறியே உண்டு என்பர். மருத்துவ நூல்கள் அதை நோயாக ஏற்றதில்லை. எல்லா ஜோடிக்கும் வருவதும் இல்லை. ஆயினும் சொல்லப்படும் காட்சி பொய்யில்லை. ஒன்றை விட்டு ஒன்று ஐந்து நிமிடம் இருக்காது, பிரித்தால் ஊளை, அழைத்தால் காது கேட்காது, ஒன்று அதட்டும், மற்றது எப்போதும் பதுங்கும்.

காரணம் 1965-லேயே எழுதப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்துப் பார்த்து, மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி யாரோடு பழகுகிறதோ அவரையே தன் இனமாகக் கொள்ளும் என்று கண்டார்கள். தனிக்குட்டிக்கு அந்த வாரங்களில் மனிதரைத் தவிர நாதியில்லை. இருகுட்டிக்கு மனிதர் தேவையே இல்லை. விளையாட, கடிக்க, ஒட்டிக்கொண்டு தூங்க, எல்லாவற்றுக்கும் ஆள் பக்கத்திலேயே இருக்கிறது. தட்டு நிரப்பும் உருப்படி என்ற அளவில் எமக்கு ஓர் இடம் உண்டு. தன்னார்வலர் சொன்ன ‘துணை’ முற்றிலும் உண்மை. அந்தத் துணையில் நாம் சேர்த்தி இல்லை.

ஆகவே ஆளுக்கொன்று. காலையில் நான் கருப்பியோடு மேற்கு வாசல், மனைவி மணியோடு கிழக்கு வாசல். மறுநாள் மாற்றிக்கொள்வது. தட்டு இரண்டு அறையில். படுக்கை இரண்டு இடத்தில், முதலில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரவுக்கு ஒரு சாண் நகர்த்தி. குறிப்பெடுக்க உட்கார்ந்த என்னைப் பார்த்து மனைவி சொன்னார்: "ஏங்க, உங்க ஆய்வு உங்க வேட்டியைத் தின்னுது பாருங்க."

‘நடை’ என்றது தடுப்பூசி முடிந்தபின் என்க. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கொன்றாகப் பதினாறு வாரம் வரை. பன்னிரண்டாவது வாரம் வாக்கில் வெறிநாய்க்கடி ஊசி. அதுவரை பிற நாய்கள் நடமாடும் தரையில் விடக்கூடாது. 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஊசி முடியாத குட்டியைச் சில நாளில் கொன்றுவிடக்கூடும். ஆனால் பழகும் காலமும் பன்னிரண்டு வாரத்தோடு முடிகிறதே எனின், இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரைக் காட்டுக.

ஊர் என்றதனால் ஓசையும் கொள்க. புனேயில் விநாயகர் சதுர்த்தி என்றால் டோல்-தாஷா மேளம். விசர்ஜன ஊர்வலம் ஒரு நாள் முழுவதையும் தாண்டிப் போகும். மனிதக் காதின் எல்லை இருபதாயிரம் ஹெர்ட்ஸ். நாயினது அதைப்போல் இருமடங்குக்கு மேல். ஒன்று பயந்து குரைக்கும். மற்றது, எதற்கென்று தெரியாமலேயே, அதற்கு ஆதரவாகக் குரைக்கும். சில வாரங்கள் முன்பே டோல் ஒலியைக் கைபேசியில் மெல்ல வைத்து, கேட்கும்போதெல்லாம் தின்ன ஏதாவது கொடுத்துப் பழக்கினால் பாதிப் பயம் போகும். மீதிப் பாதிக்குச் சன்னல் இல்லாத அறை.

புறனடை

புனேக்காரர்களின் அறிவிப்புப் பலகைகள் நாடறிந்தவை. சுருக்கமாக, இலக்கணமாக, எதிரே நிற்பவரை அவமதிக்கும் கலை அது. எம் கட்டடத்திலும் லிஃப்ட் வாசலில் ஒன்று தோன்றியது: நாய்கள் படியேறலாம், அவற்றுக்குக் கால் நான்கு. யாம் ரசித்தோம், கழற்றச் சொன்னோம். வளர்ப்பு நாயைக் குடியிருப்புச் சங்கம் பெரும்பான்மைத் தீர்மானத்தால்கூடத் தடை செய்ய முடியாது, லிஃப்டுக்குத் தனிக் கட்டணமும் வாங்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதே சுற்றறிக்கை, நாய் அசிங்கம் செய்தால் உரிமையாளரே சுத்தம் செய்யும்படி அறிவுரையும் கூறுகிறது. அந்தப் பக்கத்தைச் செயலாளர் படித்துக் காட்டினார். மாநகராட்சி உரிமமும் குட்டிக்கொன்றாக எடுக்க வேண்டும்.

எஞ்சிய ஒன்றுக்குச் சூத்திரம் செய்யவில்லை, செய்தால் அச்சேறாது. பெட்டை ஆறாம் மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். அண்ணன் தங்கை முறையெல்லாம் நாய்களுக்கு இல்லை. கர்ப்பம் 63 நாள். ஆறாம் மாதத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசி இரண்டுக்கும் கருத்தடைத் தேதியைக் குறித்துவிடுக.

காப்பகத்தில் இரண்டு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று தூங்குவதைப் பார்த்துப் பிரிக்க மனம் வராதவர்கள், முதலில் வீட்டில் இருக்கும் ஆட்களை எண்ணிப் பார்க்கவும். குட்டிக்கு ஒருவர் வீதம், தினமும் இரண்டு வேளை, சலிக்காமல் வர ஆள் இருந்தால் இரண்டையும் எடுங்கள். இல்லையென்றால் ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்றதற்கு அதே தெருவில் வீடு தேடிக் கொடுங்கள். உறவு அறாது, கால் மணி நேரம் போதும் சேர்ந்து விளையாட. எப்படியானாலும் தடுப்பூசி அட்டையைக் குட்டிக்கொன்றாகக் கேட்டு வாங்குங்கள். ஒரே அட்டையில் இரண்டையும் எழுதிவிட்டால், எதற்கு எந்த ஊசி போட்டது என்று அடுத்த முறை மருத்துவருக்கே தெரியாது.