இடது பேட்டரி, வலது பேட்டரி: ஜெனிவாவுக்கு ஒரு நன்றிக் கடிதம்

பெறுநர்: தலைவர் அவர்கள், பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம், ஜெனிவா.

பொருள்: ஒரு காரின் பேட்டரியை இன்னொரு காரில் மாட்டிவிடாதபடி காத்து வருவதற்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

1906-இல் லண்டனில் பிறந்து, கெல்வின் பிரபுவை முதல் தலைவராகப் பெற்று, 1948 முதல் ஜெனிவாவில் அமர்ந்து உலகத்து மின்சாதனங்களுக்கெல்லாம் அளவு வகுத்துத் தரும் அமைப்பு தங்களுடையது. டிவி ரிமோட்டில் போடுகிறோமே, அந்த ஏஏ பேட்டரிக்குத் தங்கள் ஏட்டில் ஆர்6 என்று பெயர். பருமன் 14.5 மில்லிமீட்டருக்கும் நீளம் 50.5 மில்லிமீட்டருக்கும் மிகாது. டோக்கியோவில் வாங்கியதை ஜெர்மன் கடிகாரத்தில் போடலாம். தென்காசிப் பெட்டிக்கடையில் வாங்கியதை அமெரிக்க டார்ச்சில் போடலாம். பத்திருபது ரூபாய்ப் பொருளுக்கே இத்தனை ஒழுங்கு என்றால், சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள, பத்துப் பதினைந்து கிலோ கனக்கும் கார் பேட்டரிக்கு எவ்வளவு இருக்கும்! அதற்கும் 60095 என்ற எண்ணில் தரநிலை வைத்திருக்கிறீர்கள். அதன் இரண்டாம் பகுதி முழுக்கப் பெட்டியின் அளவையும் முனைகளின் அளவையுமே பேசுகிறது. என்ன பேசுகிறது என்றால், ஐரோப்பிய வகைக்கு ஓர் அளவு, வட அமெரிக்க வகைக்கு ஓர் அளவு, கிழக்காசிய வகைக்கு ஓர் அளவு. யார் மனமும் நோகவில்லை. நடப்பில் எத்தனை பேதங்கள் உண்டோ, அத்தனைக்கும் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு அதற்குத் தரப்படுத்தல் என்று பெயர் வைத்த சாமர்த்தியத்துக்கு முதல் வணக்கம்.

இந்தச் சாமர்த்தியத்தின் பலனைப் பார்க்க பானெட்டைத் திறந்தால் போதும். இந்தியச் சாலையில் ஜப்பானிய வழி வந்த கார்களும் ஐரோப்பிய வழி வந்த கார்களும் கலந்தே ஓடுகின்றன. ஒன்றில் 38பி20எல் என்று எழுதியிருக்கும். 38 என்பது திறன் வரிசை, பி என்பது அகல உயரப் பிரிவு, 20 என்பது சென்டிமீட்டரில் நீளம், எல் என்பது முனை இருக்கும் பக்கம். (ஏஎச், அதாவது ஆம்பியர்-மணி, எங்கே என்று தேட வேண்டாம், அது இந்தக் குறியீட்டில் இல்லை.) இன்னொன்றில் டின்44 என்றிருக்கும், இங்கே 44 என்பதே ஏஎச்தான். ஐரோப்பிய பேட்டரியின் பாசிட்டிவ் முனை 19.5 மில்லிமீட்டர் பருமன். சிறிய ஜப்பானிய பேட்டரியில் அதுவே 14.7, ஏறக்குறைய தங்களுடைய ரிமோட் பேட்டரியின் பருமன். மெல்லிய முனையில் பெரிய கிளாம்பை மாட்டினால் எவ்வளவு முடுக்கினாலும் ஆடும். ஆடும் இணைப்பில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலும், செல்ஃப் எடுக்கும்போது 150 ஆம்பியர் பாய்ந்தால் ஒன்றரை வோல்ட் அங்கேயே தொலையும். 225 வாட் வெப்பமாகும். ஐரோப்பியப் பெட்டியை அடிவிளிம்பில் கவ்விப் பிடிப்பார்கள். ஜப்பானியப் பெட்டியை மேலே பட்டை போட்டு இழுத்துக் கட்டுவார்கள். முன்னதில் முனைகள் மூடியின் மட்டத்துக்குள் பதுங்கியிருக்கும், பின்னதில் மூடிக்கு மேலே தலை நீட்டும். அப்படி மொத்த உயரத்தில் கூடுகிற சில சென்டிமீட்டர் அளவு, தாழ்ந்த பானெட் உள்ள காரில் பாசிட்டிவ் முனையை இரும்பில் உரசவைக்கப் போதும். பிறகு பேட்டரி மாற்றுவதா, காரையே மாற்றுவதா என்ற கேள்வி வந்துவிடும்.

மின்சாரமே வேறு வேறாக இருக்கும், அதனால்தான் பெட்டியும் வேறு என்று யாராவது தங்களுக்காக வாதாட வரலாம். ஆறு செல், செல்லுக்கு இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல், ஆகப் பன்னிரண்டு வோல்ட். சிறிய காரிலும் பெரிய காரிலும் இதே கணக்குத்தான். பெரிய பேட்டரி போட்டால் ஆல்டர்னேட்டர் எரிந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. ஆல்டர்னேட்டர் சுமார் 14 வோல்ட்டில் அழுத்தத்தைக் காத்து நிற்கும். செலவானதை மட்டும் திருப்பி ஊட்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரும் தனக்கு வேண்டிய ஆம்பியரைத்தான் இழுக்கும். சிறிய பேட்டரியைப் பெரிய டீசல் காரில் போட்டால் குளிர்காலையில் திணறும், சீக்கிரம் சாகும், அது உண்மை. ஆனால் அவசரத்துக்கு மெக்கானிக் கடை வரை போகப் பெரும்பாலும் போதும். இதற்கெல்லாம் சாட்சி ஜம்ப்பர் கேபிள். எந்த அளவு பேட்டரியிலிருந்தும் எந்த அளவு பேட்டரிக்கும் கேபிள் போட்டால் பெரும்பாலும் கார் கிளம்பிவிடுகிறது. மின்சாரம் ஜாதி பார்க்கவில்லை. பார்ப்பது பெட்டி. கேபிள்தான் இருக்கிறதே, இன்னொரு காரின் பேட்டரியைக் கழற்றி மாட்டுவானேன் என்றால், உள்ளே ஒரு செல் ஷார்ட்டாகிச் செத்த பேட்டரி, அடுத்த சிக்னலில் வண்டி நின்றால் மறுபடி கேபிளைத் தேடவைக்கும்.

இடம் என்ற வாதத்துக்குக் கொஞ்சம் மரியாதை தரலாம். எஞ்சின் அறை நெருக்கடியானது. எல்லாக் காரிலும் ஒரே நீளப் பெட்டி நுழையாது. நீளம் நான்கைந்து அளவுகளில் இருந்துவிட்டுப் போகட்டும். முனையின் பருமன் வேறுபட்டால் எஞ்சின் அறையில் எந்த இடம் மிச்சமாகிறது? சிக்னலில் தானே அணைந்து தானே கிளம்பும் கார்களுக்கு ஏஜிஎம், இஎஃப்பி என்று தனி உள்ளமைப்பு தேவை என்பதும் நியாயமே. ஆனால் அவையெல்லாம் அதே பழைய பெட்டிகளில்தான் வருகின்றன. உள்ளே இருப்பது மாறினாலும் வெளிப்பெட்டி மாறத் தேவையில்லை என்பதைக் கம்பெனிகளே நிரூபித்துவிட்டன. ஜப்பானில் அதே பி24 பெட்டிக்கு என்-55 என்று புதுப்பெயர் சூட்டிக் குழப்பத்துக்குக் குறை வராமலும் பார்த்துக்கொண்டார்கள்.

ஈய பேட்டரியே ஒழியப்போகிறது, எல்லாம் மின்கார் ஆகப்போகிறது என்பது கடைசி வாதம். ஐம்பது அறுபது யூனிட் மின்சாரத்தைச் சுமந்து நிற்கும் மின்காரிலும் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்று பெரும்பாலும் தனியே உண்டு. அது செத்தால் கதவுப் பூட்டே மக்கர் செய்யும், பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி நகராது. அந்தக் குட்டி பேட்டரியிலும் ஏகப்பட்ட அளவுகள். இதற்கிடையே பேட்டரிக் கடைக்காரர் ஒவ்வோர் அளவிலும் லெஃப்ட் ஒன்று ரைட் ஒன்று என்று அடுக்கி வைக்கிறார். விற்காமல் நிற்கும் பேட்டரி தானாகச் சார்ஜ் இறங்கி, தகடுகளில் சல்பேட் படிந்து, அலமாரியிலேயே கிழடாகிறது. அபூர்வமான அளவைக் கேட்டு வருபவர் தலையில் விழுவது பெரும்பாலும் அதுதான். அதற்கான நன்றியையும் தங்களுக்கே சேர்க்கிறோம்.

ஆகவே, அடுத்த திருத்தத்திலாவது முனையின் பருமன், முனையின் உயரம், பெட்டியைப் பிடிக்கும் முறை, பாசிட்டிவ் இருக்கும் பக்கம் ஆகிய நான்கையும் புதிய மாடல் கார்களுக்கு ஒன்றாக்கித் தருமாறும், நீளத்தை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுமாறும், பழைய அளவுகளுக்கு ஒரு கெடு வைக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தரநிலையைப் பின்பற்றுவது அவரவர் விருப்பம், எங்களால் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று தாங்கள் பதில் எழுதக்கூடும். ஏஏ பேட்டரிக்கும் அதே விருப்பம்தான் இருந்தது என்பதை அந்தப் பதிலை எழுதுமுன் ஒருமுறை எண்ணிப் பார்க்கவும்.

இப்படிக்கு,
பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்போர் சார்பாக.