ஊருக்கு ஒரு காற்றாலை

கேள்வி: காற்றாலை என்பது தனவந்தர்களுக்கே உரியதல்லவா? ஒரு சாதாரணக் கிராமத்துக்கு அது சாத்தியமா?

பதில்: சாத்தியமாகி வெகுகாலம் ஆயிற்று, ஐயா! மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறைப் பஞ்சாயத்தார், கைச்சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து, சுமார் 1.55 கோடி ரூபாய்க்கு 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 2006-இல் கிரயம் வாங்கி, காற்று தாராளமாக வீசும் உடுமலைப் பக்கத்து மைவாடியில் ஸ்தாபித்தார்கள். அதுவும், வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் உத்தமப் புத்திரனைப்போல், தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் வேண்டிய மின்சாரத்தை ஈட்டியதோடு, மிஞ்சியதை மின்வாரியத்துக்கே விற்று ஊருக்குப் பணமும் அனுப்பியது. பில் அனுப்பியே பழகிய வாரியம் பஞ்சாயத்துக்குப் பணம் செலுத்த நேர்ந்தது கலியுக விநோதந்தான். ‘எங்கள் ஊரில் காற்றில்லையே’ என்று சாக்குச் சொல்லாதீர்கள். ஓடந்துறையார் காற்றாலையை நிறுவியதுகூடத் தங்கள் ஊரில் அன்று. அடுத்த கிராமசபையில் எழுந்து கேளுங்கள்.