கண்ணாடிவிரியனும் சான்றிதழும்

வேப்பூர்ப் பக்கம் செங்கல் சூளையில் கடிபட்டு எங்கள் மருத்துவமனைக்கு வரும் இருளர் பழங்குடியினர், “கண்ணாடிவிரியன் சார்” என்று பெயரோடு சொல்லிவிடுவார். மருத்துவர்களான எங்களுக்கோ கண்ணாடிக்குழாயில் ரத்தம் விட்டு, உறைகிறதா என்று 20 நிமிடம் பார்த்தால்தான் திருப்தி. (நெறிமுறை அப்படி.) ஏற்றும் விஷமுறிவு மருந்தே, 1978-இல் உருவான வடநெம்மேலி இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுத்த நஞ்சிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

2023-இல் பாம்பு பிடிக்கும் இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ. கையில் பாம்பு இருந்தால் இருளரை அரசுக்கு அடையாளம் தெரிகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையோடு சாதிச் சான்றிதழ் கேட்டு நின்றால் தெரிவதில்லை. வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பல்லைப் பார்த்தே ஆட்டுக்கு வயது சொல்லிவிடுகிறார்கள். சான்றிதழ் தரும் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) அலுவலகத்திலோ, தாத்தாவின் சான்றிதழ் எங்கே என்பார்கள். தாத்தா எங்கே வாங்குவார்? அவர் பாம்பு பிடிக்கப் போயிருந்தார்.