வயிறும் வாயும்

கேள்வி: பதினாறு வயதுப் பெண் கர்ப்பமாவதில் சிரிக்க என்ன இருக்கிறது? ‘ஜூனோ’வை எப்படி நகைச்சுவைப் படம் என்கிறார்கள்?

பதில்: கர்ப்பத்தைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, ஜூனோவின் வாயைக் கேட்டுத்தான் சிரிக்கிறோம். வயிறு மாதத்துக்கு மாதம் வளர்கிறது, வாய் நிமிடத்துக்கு நிமிடம்! 2007-இல் வந்த இந்தப் படத்தின் வசனத்துக்காகவே அதை எழுதிய டையப்லோ கோடியைக் கொண்டாடலாம். முதல் படத்துக்கே ஆஸ்கர் வாங்கியவர். எனக்கு ரொம்பப் பிடித்தது சித்தி பிரென். ஸ்கேன் எடுக்கும் பெண் ஜூனோவை மட்டமாகப் பேசியதும் விடுகிறாரே ஒரு டோஸ், பெற்ற தாய் தோற்றாள்! தத்தெடுக்க வந்த தம்பதியில் கணவன் கழன்றுகொண்ட பிறகும் ஜூனோ குழந்தையை மனைவி வனெஸ்ஸாவுக்கே தருகிறாள். சரியான முடிவு. அந்த வீட்டில் பிள்ளைக்காக ஏங்கியவள் அவள் ஒருத்திதானே!