மார்ஜின் எங்கே?

அன்புள்ள தம்பி,

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது என் நாற்காலியில் நீ உட்காரப் போகிறாய். 33 வருஷம் நான் தேய்த்த நாற்காலி. ஏழாம் வகுப்பு 'பி' பிரிவும், அதன் 54 பிள்ளைகளும், பீரோ மேல் கிடக்கும் பிரம்பும் அதோடு சேர்த்து உன் பொறுப்பில் வருகின்றன. என்னிடம் அதே வகுப்பில் படித்தவன் நீ. அதிலும் கிளாஸ் லீடர். அந்த உரிமையில், கணக்கு வகுப்பை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

பி.எட்.டில் படித்ததைத் தேர்வோடு மறந்திருப்பாய், நல்லது. "முதல் வாரத்திலேயே பிடிச்சிடணும், விட்டா தலையில ஏறி மிதிச்சிடுவானுங்க" என்று என் சீனியர் எனக்குச் சொன்னார். கும்கியை வைத்துக் காட்டு யானையைக் கரோல் கூண்டில் அடைக்கிறவர்கள் பேசுகிற பேச்சு அது. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. பயபக்தியோடு டைரியில் எழுதிக்கொண்டேன்.

முதல் விதி, அமைதி. பின் டிராப் சைலன்ஸ். எச்.எம். வராந்தாவில் நடக்கும்போது வகுப்பைக் கண்ணால் பார்க்க மாட்டார், காதால் அளப்பார். சத்தம் வந்தால் மோசமான வகுப்பு. பிணவறை மாதிரி இருந்தால் நல்ல வகுப்பு. அதற்குத்தான் லீடர். போர்டு ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டு நீ பேரெழுதுவாயே, நினைவிருக்கிறதா? மறுபடி பேசினால் பேருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. மூன்று குறி விழுந்தால் என் மேசைக்கு வர வேண்டும். சில பிள்ளைகள் அந்த வருஷம் முழுக்கக் கற்றுக்கொண்ட பெருக்கல் அது ஒன்றுதான். தேன்மிட்டாய் கொடுத்தவன் பேர் மட்டும் எப்படியோ அழிந்துபோகும் என்பதும் எனக்குத் தெரியும். கண்டுகொள்ளவில்லை. நாடு நடக்கும் விதத்தைப் பன்னிரண்டு வயதிலேயே தெரிந்துகொள்வது நல்லதுதானே.

இந்த லீடர் முறை ஊரறிந்த நம் சரக்கு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான். 1789இல் மதராஸில் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்படி ஏற்பாடு செய்தார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் புத்தகமே போட்டார். 'மதராஸ் முறை' என்று கப்பலேறிப் போன சரக்கு அது. பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுப்பதுதான் அதன் உயிர். நாம் சொல்லிக்கொடுப்பதைக் கழித்துவிட்டோம். காட்டிக்கொடுப்பது மட்டும் மீதி.

இரண்டாவது விதி, ஸ்கேல். பிரம்பைக் கையில் எடுத்துவிடாதே. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் கூடாது என்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தை மதிக்க வேண்டும். ஆகவே மர ஸ்கேல். பிரம்பு என்றால் ஆயுதம்; ஸ்கேல் என்றால் கற்றல் கற்பித்தல் துணைக்கருவி. தட்டையாக வைத்தால் சத்தம் அதிகம், வலி குறைவு. குறுக்கே திருப்பி விரல் கணுவில் வைத்தால் சத்தமே வராது. அமைதி விதிக்கும் பங்கமில்லை.

2023இல் 'அசர்' கல்வி ஆய்வுக்காரர்கள் நாட்டின் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் ஸ்கேல் படத்தைக் காட்டி ஒரு பொருளின் நீளத்தைக் கேட்டார்கள். பொருள் பூஜ்ஜியத்தில் தொடங்கினால் 85 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். கொஞ்சம் தள்ளி வைத்ததும் 39 சதவீதமாக இறங்கிவிட்டது. மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் பாதிக்கும் குறைவு. இவர்கள் ஸ்கேலையே பார்க்காத பிள்ளைகளா, தம்பி? எங்களைவிட நெருக்கத்தில் பார்த்தவர்கள். கையை நீட்டத்தான் சொன்னோம். ஸ்கேலின் மறுமுனையைப் பிடித்து அளக்கச் சொல்லவில்லை.

மூன்றாவது, நேரம். பீரியட் 45 நிமிஷம், அதாவது 2,700 நொடி. 54ஆல் வகு. தலைக்கு 50 நொடி. இது சொர்க்கத்துக் கணக்கு. பூமியில் நீயே வகுப்பாசிரியர், முதல் பீரியடும் கணக்கு. செல்போன் ஆப்பில் வருகைப்பதிவு ஏற்ற வேண்டும். நெட்வொர்க்குக்காக ஜன்னலோரம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதில் 7 நிமிஷம் போகும். 'பேசியவர்கள்' வழக்கு விசாரணை 8 நிமிஷம். ஹோம்ஒர்க், மார்ஜின் சோதனை 12 நிமிஷம். மீதி 18 நிமிஷம். வகுத்துப் பார்: தலைக்கு 20 நொடி. தோசைகூட ஒரு பக்கம் வேகாது.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று போட்டிருக்கிறது. 54இல் 35 போக 19. அந்த 19 பேரும் சட்டத்துக்குக் கணக்கில் வராத பிள்ளைகள். கடைசி பெஞ்சுகளில் இருப்பார்கள், எழுப்பாதே. 2025 ஜூலையில் கடைசி பெஞ்சே கூடாது, 'ப' வடிவத்தில் உட்கார வையுங்கள் என்று சுற்றறிக்கை வந்தது. மலையாளப் படம் ஒன்றிலிருந்து பரவிய யோசனை. நானும் டேப் பிடித்து அளந்தேன். 20க்கு 20 அடி அறை. 54 பேரை வைத்து 'ப' போட்டால் ஒரு கால் வராந்தாவில் நிற்கிறது. கடைசி பெஞ்சை ஒழிக்க வேண்டுமானால் இன்னோர் ஆசிரியரைப் போட வேண்டும், அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். எழுத்துக்குச் சம்பளம் கிடையாது. ஆகவே 'ப'.

நான்காவது, பாத்ரூம். கணக்கு பீரியடில் பாத்ரூம் கிடையாது. கணக்கு என்றதும்தான் இவர்களுக்கு முட்டிக்கொண்டு வரும் என்பது நம் ஸ்டாஃப் ரூமின் விஞ்ஞானக் கண்டுபிடிப்பு. 2025இல் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கத் தனி மணி அடிக்கச் சொன்னார்கள். நல்ல காரியம். குடித்த தண்ணீர் எங்கே போகும் என்பது அந்தச் சுற்றறிக்கையில் இல்லை. ஒரு நாள் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கி, எதற்கென்று சொல்லக் கூச்சப்பட்டு, தூக்கிய கையை இறக்கிக்கொண்டாள். மணி அடித்து எல்லோரும் எழுந்த பிறகும் அவள் எழவில்லை. ஓவர்கோட்டைப் பின்னால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "என்ன, இன்னும் உட்கார்ந்திருக்கே?" என்று கேட்டேன். அத்தனை பேர் முன்னால். இதை நான் பெருமைக்காக எழுதவில்லை என்பது உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன். புரியவில்லை என்றால், உன்னை நான் நன்றாகத்தான் தயார் செய்திருக்கிறேன்.

ஐந்தாவது, பி.டி. பீரியட். சிலபஸ் முடியவில்லை என்றால் எடுத்துக்கொள். கடன் வாங்காதீர்கள் என்று விளையாட்டுத் துறை அமைச்சரே மேடையில் கேட்டுக்கொண்டார். நாம் எங்கே கடன் வாங்கினோம்? கடன் என்றால் திருப்பித் தர வேண்டும்.

ஆறாவது, சந்தேகம். பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேள். "புரிஞ்சுது சார்" என்று ராகம் போட்டு வரும். "டவுட் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே டஸ்டரால் போர்டை அழிக்க ஆரம்பித்துவிடு. அழிக்கிற போர்டில் யாருக்கும் டவுட் வராது.

ஏழாவது, மார்ஜின். நோட்டில் இரட்டைக் கோடு, விடைக்கு அடிக்கோடு. ஆய்வுக்கு வருகிறவர்கள் பிள்ளைக்குக் கணக்குத் தெரியுமா என்று பார்க்க மாட்டார்கள். நோட்டு திருத்தப்பட்டிருக்கிறதா, கையெழுத்தும் தேதியும் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். கோணல் மார்ஜின் உன் வேலைக்கு ஆபத்து. கோணல் புத்தி யாருக்கும் ஆபத்தில்லை.

இந்த ஏழையும் இன்னொரு தடவை படித்துப் பார். வாய், கை, மூத்திரப்பை, கோடு என்று எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டிருக்கிறேன். கணக்குக்கு ஒன்றாவது இருக்கிறதா? பிள்ளைகள் உள்ளே நுழையும்போதே போர்டில் ஒரு கணக்கு காத்திருக்க வேண்டும். தப்பாகச் சொன்ன பிள்ளை எந்த வழியில் யோசித்தது என்பதை மற்றவர்கள் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். 'ஏன்' என்று ஒருவர் கேட்டால் பாடம் நின்றாக வேண்டும். அடக்க முடியாதவர்கள் யாரையும் கேட்காமல் போய்வர வேண்டும். நாலே விதி. எழுத அரைத்தாள் போதும். வருஷத்துக்கு இத்தனை சுற்றறிக்கைகளில் கையெழுத்துப் போட்டேன். எனக்கு ஓர் அரைத்தாள் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2011. உன் வகுப்பு. முழுக்கள் பாடம். 'மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ்' என்று போர்டில் எழுதி அதைச் சுற்றிக் கட்டம் போட்டேன். ஜன்னலோரத்துப் பெண் ஒருத்தி எழுந்து, "ஏன் சார்?" என்றாள். கை தூக்கவில்லை. நான் சொல்லாமலே நீ அவள் பேரைப் போர்டில் எழுதினாய். நல்ல லீடர். "அது ரூல். உட்காரு" என்றேன்.

தம்பி, எனக்கு பதில் தெரியாது. பி.எஸ்சி. கணக்கு, பி.எட்., அப்போதே 18 வருஷ சர்வீஸ். ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அமைதி, லீடர், ஸ்கேல் எல்லாம் இந்த ஒரு கேள்வி என் மேசை வரைக்கும் வந்துவிடாமல் இருக்க நான் கட்டிய முள்வேலி.

அன்று சாயங்காலம் திருத்த வந்த நோட்டுகளில் அவளுடையதும் இருந்தது. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்.

2 × (–3) = –6
1 × (–3) = –3
0 × (–3) = 0

பக்கத்தில் 'மூணு மூணா ஏறுது' என்று ஒரு குறிப்பு. அதன் கீழே,

(–1) × (–3) = 3
(–2) × (–3) = 6

ஐந்தே வரி. ஏறுகிற படி நடுவில் எதற்கு நிற்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, தானே பதிலும் கண்டுபிடித்திருந்தது. எனக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் ஒருவேளை சும்மா விட்டிருப்பேன். சிவப்புப் பேனாவை எடுத்தேன். அந்த ஐந்து வரிக்கும் குறுக்கே, பக்கம் முழுக்க, 'மார்ஜின் எங்கே?' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன்.

மறுநாள் நோட்டு முழுக்க மார்ஜின் போட்டுக்கொண்டு வந்து காட்டினாள். ஒரு கோடுகூட வளையவில்லை. கடைசிப் பக்கத்தைக் கிழித்திருந்தாள். அதன் பிறகு என் வகுப்பில் அவள் எதுவும் கேட்கவில்லை. போர்டில் அவள் பேரை எழுத வேண்டிய வேலை உனக்கும் வரவில்லை.

அந்த வருஷ ஆண்டு விழாவில் ஒழுக்கமான வகுப்புக்கான கேடயம் 'பி' பிரிவுக்குக் கிடைத்தது. மேடையேறி வாங்கியது நீதான். அது இப்போதும் பீரோவுக்குள் இருக்கிறது. சாவி மேசை டிராயரில்.

இப்படிக்கு,
உன் கணக்கு வாத்தியார்