புதிய எண் 14, பழைய எண் 9

என் வீட்டுக்குப் புதிய எண் 14, பழைய எண் 9. நாலு வீடு தள்ளியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டுக்குப் புதிய எண் 21, பழைய எண் 14. சென்னைவாசிகளுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எனக்கு வரும் தபாலில் பாதியை அவர்தான் முதலில் படிக்கிறார்.

படிப்பதாக ஒப்புக்கொள்ள மாட்டார். “பசை சரியில்லை சார், தானா பிரிஞ்சிருந்துச்சு” என்று நீட்டுவார். நீட்டும்போதே, “ப்ரீமியத்தை இந்த மாசமாவது கட்டிடுங்க” என்பார். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்த வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். எல்லோருக்கும் காபி வந்தது. எனக்கு மட்டும் சர்க்கரை போடாமல் வந்தது.

1972 ஆகஸ்ட் 15-இல் நடைமுறைக்கு வந்த பின்கோடு அருமையான ஏற்பாடுதான். 6 என்று ஆரம்பித்தால் தமிழ்நாடு, கேரளப் பக்கம். கடைசி மூன்று இலக்கங்கள் எந்தத் தபால் நிலையம் பட்டுவாடா செய்ய வேண்டும் என்பதுவரை சொல்லிவிடும். டெல்லியில் கிளம்பும் கடிதம் அந்த ஆறு இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் பேட்டை வரை பிசகாமல் வந்துவிடுகிறது. எங்கள் தெருமுனையில்தான் அதற்குத் தலை சுற்றுகிறது. பழைய தபால்காரருக்கு ஆளைத் தெரியும், எண் தேவைப்படவில்லை. அவர் ஓய்வு பெற்ற பிறகு வருகிறவர்களுக்கு எண் மட்டுமே தெரியும்.

அந்த எண்ணாவது கண்ணில் படுமா என்றால், அதுவும் இல்லை. பல் டாக்டர் ஒருவரின் விளம்பரத்தோடு ‘நோ பார்க்கிங்’ பலகை ஒன்று ஒருநாள் எங்கள் கேட்டில் தொங்கியது. இலவசமாகக் கிடைத்தது, சும்மா விடுவேனா? மறுநாள் தெருவில் இருப்பவர்களிடம் பெருமையாகக் காட்டினேன். அடுத்து டியூஷன் சென்டர் பலகை. மூன்றாவதாக வந்த தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின்காரருக்குக் கேட்டில் இடம் போதவில்லை. கதவு எண்ணின் மேலேயே கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டுப் போய்விட்டார். இப்போது ஆட்டோக்காரர்களுக்கு எங்கள் வீடு ‘பல் ஆஸ்பத்திரி’. இரண்டு பேர் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்து விசாரித்தும் போனார்கள்.

நோட்டீஸ்காரர்களுக்கு மட்டும் பழைய எண், புதிய எண் குழப்பமே கிடையாது. ‘பேருந்து நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்’ என்று மனை விற்கிறார்கள். எந்த வாகனத்தில் என்று சொல்வதில்லை. செப்டிக் டேங்க் லாரி, போர்வெல், மூட்டுவலி முகாம், ப்ளே ஸ்கூல் என்று தினமும் கோலத்தின் மேல் வந்து விழும். கடுப்பாகிப்போன என் மனைவி கேட்டுக்குப் பூட்டுப் போட்டாள். நோட்டீஸ் பையன்கள் சுவருக்கு மேலாக வீசிவிட்டுப் போகிறார்கள். கையெழுத்து வாங்க வேண்டிய தபாலை வீச முடியாதே! ‘கதவு பூட்டியிருந்தது’ என்ற குறிப்போடு அது திரும்பிப் போனது. அந்த நேரம் நான் உள்ளேதான் இருந்தேன், மூட்டுவலி முகாம் நோட்டீஸை வரி விடாமல் படித்துக்கொண்டு.

மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை ஒன்று முகூர்த்தம் முடிந்து மாப்பிள்ளை மறுவீடும் போன பிறகு வந்தது. தபாலை மனசார வாழ்த்தினேன், மொய் மிச்சம். ஆனால் மனைவி வாட்ஸ்அப்பில் வந்த பத்திரிகையைப் பார்த்து ஜிபேயில் முன்பே அனுப்பிவிட்டிருந்தாள், அதுவும் என் கணக்கிலிருந்து.

கடைசியில் ரோஷம் வந்து, இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதினேன். இரண்டு எண்களையும் குறிப்பிட்டு, தெருப்படமும் வரைந்து, 14-க்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பினேன். பதில் வருமா என்று மனைவிக்குச் சந்தேகம். வந்தது. போன செவ்வாய்க்கிழமை காலையில் தலைமையாசிரியர் கேட்டைத் தட்டினார்.

“பசை சரியில்லை சார். உங்க புகாரைத் தீர்த்து வச்சுட்டாங்களாம்.”